செய்நிரலும் அதன் இருப்பிடமும்: ஒரு வரலாற்று நோக்கு

1

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் நினைவகத்தின் பருமனையும் அளவுகோலாகக் கொண்டு காலப்பகுப்புச் செய்வர். வெற்றிடக் குழாய், திரான்சிஸ்ரர், ஒருங்கிணைந்த சுற்று என அமையும் இப்பகுப்புப் பயனுடையதே. எனினும் பொறியைச் சூழ்ந்து நின்ற மனிதரிடையே வேலை எவ்வாறு பகிரப்பட்டது, பொறியின் மீதான உரிமை எவர் கையில் இருந்தது என்னும் வினாக்களுக்கு அது விடை தருவதில்லை. இவ்வினாக்களுக்கு விடை காண விழைவோர், வெளித்தோற்றத்திற் சிறியதாகத் தென்படும் ஒரு பிரச்சினையை எடுத்து அதன் வளர்ச்சியைத் தொடர்ந்து நோக்குவது நல்வழியாகும். இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரல் ஒன்று தான் எவ்விடத்தில் இருக்கின்றது என்பதை எவ்வாறு அறிந்துகொள்கின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் பிரச்சினையாகும்.

செய்நிரல் தனித்ததொரு கோப்பாக நிற்பது அரிது. எழுத்துப்பிழை திருத்தும் செய்நிரலுக்குச் சொற்பட்டியல் வேண்டும். அச்சுக்கோக்கும் செய்நிரலுக்கு எழுத்துருக்கள் வேண்டும். ஏறக்குறைய எல்லாச் செய்நிரல்களுக்கும் பொதுவான பணிகளைச் செய்து கொடுக்கும் நூலகக் கோப்புகள் வேண்டும். இத்துணைக் கோப்புகள் பல சந்தர்ப்பங்களிற் செய்நிரலுக்கு அண்மையிலேயே வைக்கப்படுகின்றன. ஆதலின் தன் இருப்பிடம் தெரிந்தாற்றான் தன் உடைமைகளின் இருப்பிடமும் அதற்குத் தெரியவரும். ஆயின் நினைவகத்தில் ஏற்றப்பட்டபின் செய்நிரல் என்பது கட்டளைகளின் தொடர் மாத்திரமே. அக்கட்டளைகள் எந்தத் தட்டில், எந்த அடைவில், எப்பெயருடைய கோப்பிலிருந்து எடுக்கப்பட்டன என்பது அவற்றினுள் எழுதப்பட்டிருப்பதில்லை. நூலொன்றின் பக்கங்களில் அந்நூல் எந்த நூலகத்தின் எந்த அடுக்கில் இருக்கின்றது என்று அச்சிடப்படுவதில்லை. அதனை நூலகரே முதுகிலும் பட்டியலிலும் குறிக்கின்றார். செய்நிரலின் நிலையும் இதுவே.

ஆகவே செய்நிரலுக்கு அதன் இருப்பிடத்தை எவரேனும் சொல்ல வேண்டியிருக்கின்றது. சொல்பவர் யார், அவர் சொல்வதை நம்பலாமா என்னும் இரு வினாக்களும் இவ்விடத்து எழுகின்றன. இவற்றிற்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன. அவ்விடைகளைத் தொழினுட்ப வசதிகள் மாத்திரம் தீர்மானிக்கவில்லை. பொறி எவருக்கு உரியதாயிருந்தது, செய்நிரலை ஆக்குவோர், நிறுவுவோர், பயன்படுத்துவோர் ஆகிய மூவரிடையே உறவு எவ்வாறு அமைந்தது என்பனவும் தீர்மானித்தன என்பதே எமது கருத்தாகும்.

2

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித ஆய்வுகூடத்தில் மோறிஸ் வில்க்ஸ் தலைமையில் அமைக்கப்பட்ட எட்சாக் என்னும் கணினி 1949 மே 6ஆம் திகதி தன் முதற் செய்நிரலை இயக்கியது. அடிக்கடி தேவைப்படும் கணிப்புகளைத் துணைநிரல்களாக எழுதி, துளையிட்ட கடதாசி நாடாக்களிற் பதிந்து, அலுமாரியில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை அங்கு உருவாயிற்று. இத்தொகுதியை அவர்கள் நூலகம் என்றே வழங்கினர். 1951இல் அதில் 87 துணைநிரல்கள் இருந்தன. அவ்வாண்டில் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்ரான்லி கில் ஆகிய மூவரும் வெளியிட்ட நூல், செய்நிரலாக்கம் பற்றி எழுந்த முதல் நூலாகக் கருதப்படுகின்றது.

நூலகத்திலிருந்து எடுக்கப்படும் நாடா ஒவ்வொரு செய்நிரலிலும் நினைவகத்தின் வெவ்வேறு இடத்தில் அமர நேர்ந்தது. இதனால் இரு சிக்கல்கள் தோன்றின. துணைநிரலினுள் வரும் முகவரிகள் அது அமரும் இடத்திற்கேற்ப மாற்றப்பட வேண்டும் என்பது ஒன்று. வீலர் 1949இல் அமைத்த 41 கட்டளைகள் கொண்ட தொடக்க நிரல், நாடாவை வாசிக்கும்போதே தொடக்க இடத்தின் எண்ணை முகவரிகளோடு கூட்டி இச்சிக்கலைத் தீர்த்தது. பணி முடிந்ததும் எவ்விடத்திற்குத் திரும்புவது என்பது மற்றையது. தான் நிற்குமிடத்தைச் சொல்லத்தக்க கட்டளை எதுவும் எட்சாக்கில் இருக்கவில்லை. வீலர் கண்ட வழி நுட்பமானது. துணைநிரலுக்குத் தாவுமுன், செய்நிரல் ஒரு குறித்த இடத்திலுள்ள கட்டளையைத் திரட்டியில் எடுத்துக்கொள்ளும். அவ்வாறு எடுக்கும் கட்டளையும் எடுக்கப்படும் கட்டளையும் ஒன்றே. தன் இட எண்ணைத் தன்னுள்ளேயே தாங்கிய அக்கட்டளை திரட்டியிற் சேர்ந்ததும், துணைநிரல் அதனோடு ஒரு மாறிலியைக் கூட்டித் திரும்புவதற்கான கட்டளையை ஆக்கித் தன் இறுதியிற் பதித்துக்கொள்ளும்.

இங்கு இருப்பிடத்தைச் சொல்பவர் செய்நிரலை எழுதியவரே. எண்ணை அவர் தம் கையாலேயே கட்டளையில் எழுதினார். அவர் பிழைவிடலாம், ஆயின் தமக்குத் தாமே பொய் சொல்ல வேண்டிய தேவை அவருக்கு இல்லை. ஒரே ஆய்வுகூடத்தைச் சார்ந்தோர் நூலகத்தை ஆக்கி, அவர்களே பெரும்பாலும் பயன்படுத்திய சூழலில் நம்பிக்கை பற்றிய வினா எழவில்லை. ஆக்கமும் பயன்பாடும் பிரிந்து நிற்கும் நிலை தோன்றிய பின்னரே அவ்வினா எழுந்தது.

3

பலர் ஒரே பொறியை ஒரே நேரத்திற் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறை 1960களில் வளர்ச்சியுற்றது. பயனாளரின் கோப்புகள் தட்டில் நிலையாகத் தங்கின. அவற்றை ஒழுங்குபடுத்த அடைவுகளின் படிநிலை அமைப்பு உருவாயிற்று. இதனால் இடம் என்பதன் பொருள் மாறியது. நினைவகத்தின் எண்ணாக இருந்த இடம், அடைவு வழியே செல்லும் பாதைப்பெயராகவும் ஆயிற்று.

இம்மாற்றத்தின் முதிர்ந்த வடிவத்தை மல்ரிக்ஸ் என்னும் முறைமையிற் காணலாம். மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகம், பெல் ஆய்வுகூடம், ஜெனரல் எலெக்ரிக் கம்பனி ஆகியன இணைந்து 1965 முதல் இதனை உருவாக்கின. மல்ரிக்ஸில் ஒரு நிரல்பகுதி மற்றொன்றைப் பெயரால் அழைக்கும் அக்கணத்திலேயே அது தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு இணைக்கப்பட்டது. தேடும் ஒழுங்கு விதிகளாக வரையறுக்கப்பட்டிருந்தது. முன்னரே அறிமுகமாகியிருக்கும் பகுதிகள் முதலிலும், அழைக்கும் பகுதி எந்த அடைவில் உள்ளதோ அந்த அடைவு அடுத்தும், பயனாளர் நிற்கும் அடைவு அதன் பின்னரும், முறைமையின் பொது நூலகங்கள் இறுதியிலும் தேடப்பட்டன. இவ்விதிகளுள் இரண்டாவது எமது கவனத்திற்குரியது. ஒவ்வொரு நிரல்பகுதியும் தன் துணைகளைத் தன் அயலிலேயே முதலிற் காணும் வாய்ப்பை அது வழங்கியது. மல்ரிக்ஸில் நினைவகமும் கோப்புத்தொகுதியும் ஒரே அமைப்பின் இரு முகங்களாக இருந்தமையால், இயங்கும் பகுதி எந்த அடைவுக்குரியது என்பதை முறைமை எப்போதும் அறிந்திருந்தது.

பெல் ஆய்வுகூடம் 1969இல் இம்முயற்சியிலிருந்து விலகியது. அதே ஆண்டில் அங்கு பணியாற்றிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் மிகச்சிறிய பொறியொன்றில் யுனிக்ஸ் முறைமையைத் தொடங்கினர். எளிமையே யுனிக்ஸின் வலிமை. அவ்வெளிமையின் பொருட்டுக் கைவிடப்பட்டவற்றுள் செய்நிரலின் இருப்பிடம் பற்றிய அறிவும் ஒன்றாகும்.

யுனிக்ஸில் ஒரு கோப்பின் உண்மையான அடையாளம் ஓர் எண். பெயர் என்பது, அடைவொன்றில் அவ்வெண்ணுக்கு நேரே எழுதப்பட்ட பதிவு மாத்திரமே. ஒரு கோப்புக்குப் பல அடைவுகளிற் பல பெயர்கள் இருக்கலாம். இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரலின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்ட போதிலும், பெயரற்ற அக்கோப்பு இயக்கம் முடியும்வரை தட்டில் நிலைத்திருக்கும். எனவே செய்நிரலின் இருப்பிடம் யாது என்னும் வினாவுக்கு யுனிக்ஸில் ஒரு விடை, பல விடைகள், விடையின்மை ஆகிய மூன்றும் இயல்வனவே. கவனக்குறைவினால் நேர்ந்ததொரு குறையாக இதனைக் கொள்வது பொருந்தாது. பெயரையும் பொருளையும் வேறுபடுத்திய அடிப்படைக் கொள்கையின் தருக்கரீதியான விளைவு இது.

இடங்களின் பெயர்களைப் பௌதிக நிலைமைகளும் தீர்மானித்தன. கட்டளைச் செய்நிரல்களுக்கென, 'பைனரி' என்னும் சொல்லின் சுருக்கமான 'பின்' என்ற அடைவு முதற்றட்டில் இருந்தது. அத்தட்டு சிறியது. அது நிரம்பியதும், பயனாளரின் சொந்தக் கோப்புகள் இருந்த இரண்டாந் தட்டில் அதே பெயருடன் மற்றோர் அடைவு திறக்கப்பட்டது. இடப்பற்றாக்குறையாற் பிறந்த இப்பிரிவினை, தட்டுகள் பன்மடங்கு பெருத்த பின்னரும் பல தசாப்தங்கள் நிலைத்தது. பெடோரா என்னும் லினக்ஸ் வெளியீடு 2012இலேயே இவ்விரண்டையும் ஒன்றாக்கியது. அடித்தளம் மாறிய பின்னரும் அதன்மேல் எழுந்த வழக்கு நீடிப்பதைச் சமூக வரலாற்றிற் போன்றே இங்கும் காண்கின்றோம்.

பயனாளர் தட்டச்சுச் செய்யும் பெயருக்குரிய கோப்பைத் தேடுவது கட்டளை உரைபெயர்ப்பியின் வேலையாயிற்று. ஏழாம் பதிப்பு 1979இல் வெளிவந்தபோது, தேடவேண்டிய அடைவுகளின் பட்டியல் சூழல் மாறி ஒன்றில் வைக்கப்பட்டு, பயனாளரே மாற்றத்தக்கதாக ஆக்கப்பட்டது. ஆயின் தேடிக் கண்டவர் தாம் கண்ட இடத்தைச் செய்நிரலுக்குச் சொல்வதில்லை. செய்நிரலின் கையிற் கொடுக்கப்படுவது ஒரு சொற்பட்டியல். அதன் பூச்சிய இடத்தில் செய்நிரலின் பெயர் எழுதப்படுவது வழக்கம். அதனை எழுதுபவர் அழைப்பவர். அவர் விரும்பியதை எழுதலாம். பயனாளர் முறைமையினுள் நுழையும்போது தொடங்கப்படும் உரைபெயர்ப்பிக்கு, அப்பெயரின் முன் ஒரு சிறுகோடு வேண்டுமென்றே சேர்க்கப்படுகின்றது. தான் நுழைவின்போது அழைக்கப்பட்டமையை அது அவ்வாறு உணர்கின்றது. எனவே பூச்சிய இடத்துச் சொல் அழைத்தவரின் கூற்று. இருப்பிடத்திற்கான சான்றாக அது ஆகாது.

அவ்வாறாயின் யுனிக்ஸ் செய்நிரல்கள் தம் துணைக் கோப்புகளை எவ்வாறு கண்டன? முழுப் பாதைப்பெயர் செய்நிரலினுள்ளேயே எழுதப்பட்டது. பொறி ஒரு நிறுவனத்திற்கு உரியது. எது எங்கே இருக்கவேண்டும் என்பதை அதன் நிருவாகி தீர்மானித்தார். ஆக்குவோர் அத்தீர்மானத்தை மாறாததாகக் கொண்டு எழுதினர். நிறுவன உடைமையாகிய பொறியின் அதிகார அமைப்பு இவ்வாறு செய்நிரலின் உள்ளேயே பதிவாயிற்று.

4

அழைப்பவரின் கூற்றை நம்புவதிலுள்ள இடர், அதிகாரங்கள் வேறுபடும்போது கூர்மையடைகின்றது. குறித்த சில செய்நிரல்கள், அழைத்தவரின் அதிகாரத்துடன் இயங்காது, கோப்பின் உரிமையாளரின் அதிகாரத்துடன் இயங்குவதற்கு வழிசெய்யும் ஏற்பாடு யுனிக்ஸில் இருந்தது. ரிச்சியின் இக்கண்டுபிடிப்புக்கு 1979இற் காப்புரிமை வழங்கப்பட்டது. சாதாரண பயனாளர் தம் கடவுச்சொல்லை மாற்ற இயல்வது இதனாலேயே. ஆயின் உயர் அதிகாரத்துடன் இயங்கும் செய்நிரலுக்கு, அதன் இருப்பிடம் பற்றித் தாழ்ந்த அதிகாரமுடையவர் பொய்யுரைக்கக்கூடுமாயின், பொய்யான இடத்திலுள்ள நூலகத்தை அது மெய்யென எண்ணி ஏற்கும்.

1980 சனவரியில் ரிச்சி அறிமுகப்படுத்திய மற்றோர் ஏற்பாடு இதனைத் தெளிவாக்குகின்றது. கோப்பின் முதல் வரியில் இரு குறிகளும் உரைபெயர்ப்பி ஒன்றின் பாதையும் இருப்பின், முறைமையின் கருப்பகுதி அவ்வுரைபெயர்ப்பியைத் தொடங்கி, அதற்கு அக்கோப்பின் பெயரைக் கொடுக்கும். உரைபெயர்ப்பி அப்பெயரைக் கொண்டு கோப்பை மீண்டும் திறக்கும். கருப்பகுதி பார்த்தது ஒரு பொருளை; உரைபெயர்ப்பி பெற்றது ஒரு பெயரை. இவ்விரு செயல்களுக்கும் இடைப்பட்ட நொடியில் அப்பெயரை வேறொரு கோப்புக்கு மாற்றிவிட்டால், மாற்றப்பட்ட கோப்பு உயர் அதிகாரத்துடன் இயங்கும். இதனாற் பல முறைமைகள் இத்தகைய கோப்புகளுக்கு உயர் அதிகாரம் வழங்குவதையே நிறுத்தின. வேறு சில, பெயருக்குப் பதிலாக முன்னரே திறக்கப்பட்ட கோப்பையே கையளிக்கும் முறையை மேற்கொண்டன.

5

தனியாள் கணினியின் வருகை இவ்வுறவுகளை மாற்றியது. பொறிக்கு ஓர் உரிமையாளர் இருந்தார். நிருவாகியும் பயனாளரும் அவரே. ஆக்குவோருக்கும் பயன்படுத்துவோருக்கும் இடையே இடத்தைத் தீர்மானிக்கும் மூன்றாமவர் இல்லாதுபோயினர். செய்நிரல் கடையில் விற்கப்படும் பண்டமாயிற்று. அதனை வாங்கியவர் தம் விருப்பப்படி எங்கேனும் வைத்தார். நிலையான பாதையை உள்ளே எழுதிவைப்பது இச்சூழலிற் செல்லாது. எனவே செய்நிரலுக்கு அதன் இருப்பிடத்தைச் சொல்லவேண்டிய தேவை வணிகத் தேவையாகவும் ஆயிற்று.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் டொஸ் முறைமை 1983இல் வந்த இரண்டாம் பதிப்பில் அடைவுகளைப் பெற்றது. அடுத்த ஆண்டில் வந்த மூன்றாம் பதிப்பிலேயே, சூழல் மாறிகளின் இறுதியில் இயங்கும் செய்நிரலின் முழுப் பாதைப்பெயர் எழுதப்படலாயிற்று. இது முறைமையே தரும் தகவல் என்பதை மனங்கொள்ள வேண்டும். பின்வந்த விண்டோஸ் முறைமையில், தன் பெயரை மாத்திரமன்றித் தன்னோடு ஏற்றப்பட்ட எந்த நூலகத்தின் கோப்புப் பெயரையும் கேட்டறியச் செய்நிரலுக்கு வழி இருந்தது. அப்பிளின் மக்கின்ரோஷ் 1984இல் வேறொரு வழியைக் காட்டியது. படங்களும் சொற்றொடர்களும் செய்நிரல் இருக்கும் கோப்பின் மற்றொரு கிளையிலேயே வைக்கப்பட்டமையால், துணைகளைத் தேடவேண்டிய தேவை பெருமளவு நீங்கியது.

கேம்பிரிட்ஜில் இயங்கிய ஏக்கோர்ன் நிறுவனம் 1980களின் இறுதியில் வெளியிட்ட றிஸ்க் ஓஎஸ் முறைமையில், ஓர் அடைவே ஒரு பயன்பாட்டுச் செய்நிரலாகக் கொள்ளப்பட்டது. அதனைத் தொடங்கும்போது அவ்வடைவின் இடம் ஒரு மாறியில் எழுதப்பட்டுச் செய்நிரலுக்கு அறிவிக்கப்பட்டது. நெக்ஸ்ற் நிறுவனமும் அதே காலப்பகுதியில் இதனையொத்த கட்டமைப்பை வகுத்தது; அது பின்னர் அப்பிளின் முறைமைகளுக்கு அடித்தளமாயிற்று. இவற்றில் நிறுவுதல் என்பது ஓர் அடைவைப் பிரதிசெய்தலாகவும், அகற்றுதல் என்பது அதனை அழித்தலாகவும் எளிமை பெற்றன.

யுனிக்ஸ் மரபிலும் இதே தேவை உணரப்பட்டது. மூலநிரல் பல்கலைக்கழகங்களிடையே பரவியமையால், ஒவ்வோரிடத்தும் பாதையை மாற்றி எழுதி மீண்டும் தொகுத்தல் வழக்கமாயிற்று. 1991இல் தோன்றிய ஓட்டோகொன்ப் என்னும் கருவி இவ்வழக்கத்தை முறைப்படுத்தியது. எந்த அடைவின் கீழ் நிறுவுவது என்பதைத் தொகுப்பவரே கூறலாம். ஆயினும் கூறியபின் அது செய்நிரலினுள் உறைந்துவிடும். நிருவாகியின் அனுமதி பெறாத மாணவர் ஒருவர், தொகுக்கப்பட்ட செய்நிரலைத் தம் சொந்த அடைவிற் பிரதிசெய்து இயக்க முற்பட்டால், அது தான் பிறந்த பாதையையே தேடித் தோல்வியுறும். மீண்டும் தொகுப்பதற்கான அறிவோ வசதியோ இல்லாதவருக்கு அச்செய்நிரல் மறுக்கப்பட்டதாகவே முடியும்.

இத்தடையை நீக்கச் செய்நிரல் ஆக்குவோர் தாமே சில உத்திகளைக் கண்டனர். ரெக் என்னும் அச்சுக்கோப்பு முறைமையின் கோப்புத் தேடும் நூலகம், பூச்சிய இடத்துச் சொல்லையும் தேடற் பாதையையும் ஆராய்ந்து தன் இடத்தை ஊகித்து, அதிலிருந்து மேல்நோக்கிச் சென்று எழுத்துருக்களைக் கண்டது. 1996இல் ரெக் லைவ் தொகுப்பு முதன்முறை இறுவட்டில் வெளிவந்தபோது, தட்டில் நிறுவாது இறுவட்டிலிருந்தே அதனை இயக்க முடிந்தது. பைதன் மொழியின் உரைபெயர்ப்பியும் இவ்வாறே தன் இடத்தை ஊகித்தபின், ஒரு குறித்த அடையாளக் கோப்பு தென்படும்வரை அடைவு அடைவாக மேலேறித் தன் நூலகத்தைக் கண்டது. இவை ஊகங்களே எனினும், நிருவாகியின் அனுமதியின்றிப் பயன்பாட்டை இயல்வதாக்கியமை இவற்றின் சமூகப் பெறுமதியாகும்.

6

நூலகக் கோப்புகளைப் பல செய்நிரல்கள் பொதுவிற் பயன்படுத்தும் முறை பரவியபோது பிரச்சினை மேலும் சிக்கலுற்றது. லினக்ஸின் தொடக்க ஆண்டுகளில், பொது நூலகம் ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஒரு நிலையான முகவரியில் அமரவேண்டியிருந்தது. இரு நூலகங்கள் ஒரே முகவரியைக் கோரின் மோதல் நிகழும். ஆதலால் முகவரிகளைப் பங்கிட்டு வழங்கும் பொதுப் பதிவேடு ஒன்று பேணப்பட்டது. வலையமைப்பு வழியே உலகெங்கும் பரந்து இயங்கிய ஆக்குவோர், ஒரு நூலகத்தை வெளியிடுமுன் மையப் பதிவாளரிடம் இடங்கேட்டு நிற்க வேண்டியிருந்தமை இம்முறையின் முரண்பாடாகும். எங்கு ஏற்றப்பட்டாலும் இயங்கத்தக்க நூலகங்களை சண் நிறுவனம் 1988இல் தன் முறைமையின் நான்காம் பதிப்பில் நடைமுறைப்படுத்தியிருந்தது. லினக்ஸ் 1995 அளவில் 'எல்ஃப்' என்னும் கோப்பு வடிவத்துக்கு மாறியபின் பதிவேடு தேவையற்றதாயிற்று.

நினைவக முகவரி பற்றிய சிக்கல் இவ்வாறு தீர, கோப்பின் பாதை பற்றிய சிக்கல் எஞ்சியது. நூலகங்களைத் தேடவேண்டிய அடைவுகளைச் சூழல் மாறியில் எழுதலாம். அல்லது செய்நிரலினுள்ளேயே எழுதலாம். முன்னையதில் அழைப்பவர் சொல்கின்றார். பின்னையதில் ஆக்கியவர் சொல்கின்றார். 1990களின் இறுதியில் சோலாரிஸ் முறைமையிலும் தொடர்ந்து லினக்ஸிலும் மூன்றாவது வழியொன்று வழக்கிற்கு வந்தது. செய்நிரலில் எழுதப்படும் பாதையில் 'ஒரிஜின்' என்னும் குறிச்சொல்லை இடலாம்; இக்கோப்பு எந்த அடைவில் உள்ளதோ அந்த அடைவு என்பது அதன் பொருள். ஏற்றும் நிரல் அதனை இயக்கநேரத்தில் உண்மைப் பாதையாக மாற்றிக்கொள்ளும். அப்பிளின் முறைமையில் 2005இல், முதன்மைச் செய்நிரலின் இடமும் நூலகத்தை அழைக்கும் கோப்பின் இடமும் வேறுபடுத்திக் குறிக்கப்பட்டன. மல்ரிக்ஸ் தன் தேடல் விதிகளில் வைத்திருந்த அயலடைவு என்னும் கருத்து மூன்று தசாப்தங்களின் பின் இவ்வாறு மீண்டும் தலையெடுத்தது.

7

இரு வினாக்களும் ஒன்றோடொன்று மோதிய ஆண்டு 2010 எனலாம். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் பற்றிய எச்சரிக்கை ஒன்றை வெளியிட்டது. நூலகங்களைத் தேடும் ஒழுங்கில், பயனாளர் அவ்வேளை நிற்கும் அடைவும் அடங்கியிருந்தது. பொறி தனித்து நின்ற காலத்தில் அவ்வடைவு உரிமையாளருடையதே. வலையமைப்பு வந்தபின் அந்நிலை மாறியது. தொலைவிலுள்ள பகிர்வு அடைவொன்றிற் சாதாரண ஆவணம் ஒன்றையும், செய்நிரல் தேடக்கூடிய பெயருடைய நூலகம் ஒன்றையும் அருகருகே வைத்தாற் போதும். பயனாளர் ஆவணத்தைத் திறக்கும்போது அவ்வடைவே அவர் நிற்கும் அடைவாகி, வேறெங்கும் கிடையாத நூலகம் அங்கிருந்து ஏற்றப்படும். தனியுடைமைப் பொறியின் நம்பிக்கையைப் பொதுவெளிக்கு அப்படியே கொண்டுவந்ததன் விளைவு இது.

அதே ஆண்டு ஒக்ரோபரில் லினக்ஸின் அடிப்படை நூலகத்தில் மற்றொரு குறைபாடு வெளிப்படுத்தப்பட்டது. உயர் அதிகாரமுடைய செய்நிரல் ஒன்றுக்குச் சாதாரண பயனாளர் தம் அடைவில் இரண்டாவது பெயரொன்றைச் சூட்டலாம்; கோப்பு ஒன்றே என்பதால் அதன் அதிகாரம் மாறுவதில்லை. கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பெயரை நீக்கி, அதே பாதையில் தம் நூலகத்தை வைத்தபின், திறந்திருக்கும் கோப்பின் வழியே செய்நிரலைத் தொடங்கினால், 'ஒரிஜின்' என்னும் சொல் தாக்குவோர் அமைத்த இடத்தையே குறிக்கும். ஒரு கோப்புக்குப் பல பெயர்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்னும் 1970களின் கொள்கையே இதற்கு அடிப்படை. உயர் அதிகாரச் செய்நிரல்களில் இச்சொல்லின் பயன்பாட்டை வரையறுத்துத் திருத்தம் செய்யப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளிலிருந்து ஒரு பொதுவிதி பெறப்படுகின்றது. இருப்பிடம் பற்றிய கூற்றின் தகுதி, அதனைக் கூறுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள அதிகார உறவைப் பொறுத்தது. பயனாளர் தம் சொந்த அதிகாரத்துடன் இயக்கும் செய்நிரலுக்கு அவர் எவ்விடத்தையும் காட்டலாம். அதனால் அவரே பாதிக்கப்படுவார். தம்மிலும் உயர்ந்த அதிகாரமுடைய செய்நிரலுக்கு அவர் இடங்காட்டும் நிலை இருத்தலாகாது.

8

நம்பத்தக்க சாட்சியாகக் கருப்பகுதி ஏற்கப்படலாயிற்று. கருப்பகுதியே கோப்பைத் திறந்து ஏற்றுகின்றது. பொய்யுரைப்பதால் அதற்குப் பயனில்லை. லினக்ஸில், இயங்கும் செய்நிரல் ஒவ்வொன்றும் தன் கோப்பைச் சுட்டும் இணைப்பொன்றைக் கோப்புத்தொகுதியின் வடிவிலேயே காணலாம். 1996இல் வெளிவந்த 2.0 பதிப்பில் இவ்விணைப்பை வாசித்தால் தட்டின் எண்ணும் கோப்பின் எண்ணும் மாத்திரமே கிடைத்தன. கருப்பகுதி அறிந்தது பொருளை. பெயரை அது நினைவில் வைத்திருக்கவில்லை. 1999 சனவரியில் வந்த 2.2 பதிப்பு முதல் பாதைப்பெயர் தரப்படுகின்றது. அக்கோப்பு நீக்கப்பட்டிருந்தால், பெயரின் இறுதியில் நீக்கப்பட்டது என்னும் குறிப்பும் சேர்க்கப்படுகின்றது.

இதற்கு மாறாக, வினாவையே தவிர்க்கும் போக்கும் வளர்ந்துள்ளது. நெதர்லாந்தின் யூற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டொல்ஸ்ரா 2006இற் சமர்ப்பித்த ஆய்வேட்டில் விளக்கப்பட்ட நிக்ஸ் முறை, ஒவ்வொரு செய்நிரலையும் அதன் ஆக்கக்கூறுகளிலிருந்து கணிக்கப்படும் தனித்த பாதையில் வைக்கின்றது. பாதை நிலையானது; ஆயின் ஒரே நூலகத்தின் பல பதிப்புகள் மோதலின்றி அருகருகே வாழ்கின்றன. 2013இல் வெளிவந்த டொக்கர், செய்நிரலுக்கென முழுமையான அடைவு மரம் ஒன்றையே கொடுத்து, பழைய நிலையான பாதைகள் அனைத்தும் இருப்பதுபோல் அதற்குக் காட்டுகின்றது. எழுதப்பட்ட பாதையைத் திருத்துவதைவிட, அதற்கேற்ற உலகத்தை அமைத்துக் கொடுப்பது இலகுவாயிற்று.

கைப்பேசிகளில் நிலைமை வேறு திசையிற் சென்றுள்ளது. அப்பிளின் கைப்பேசி முறைமையில் ஒவ்வொரு செயலியும் முறைமை வழங்கும் அடைவில் வைக்கப்படுகின்றது. புதுப்பிக்கும்போது அவ்விடம் மாறவும் கூடும். எனவே செயலி தன் இடத்தை ஒவ்வொரு முறையும் முறைமையிடம் கேட்டே அறிகின்றது. கிடைக்கும் விடை உண்மையானது. ஊகத்திற்கும் பொய்க்கும் அங்கு இடமில்லை. அந்த அளவில் முதல் வினா தீர்க்கப்பட்டுள்ளது எனலாம். ஆயின் பொறிக்கு விலை கொடுத்தவர், செய்நிரலை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கவோ, அது எங்கே வைக்கப்பட்டிருக்கின்றது என்று காணவோ இயலாதவராயுள்ளார். நிறுவன நிருவாகியின் இடத்தில் உற்பத்தியாளரே அமர்ந்துள்ளார். அவரை நேரிற் சென்று கேட்கும் வாய்ப்பும் இன்றில்லை.

கூற்றின் உண்மையும் இடத்தின் மீதான உரிமையும் வெவ்வேறானவை என்பதை மேற்காட்டிய வரலாறு புலப்படுத்துகின்றது. பாதுகாப்பின் பொருட்டு உரிமையைக் கைவிடுதல் தவிர்க்கமுடியாதது என்னும் வாதம் இன்று வலுவாக முன்வைக்கப்படுகின்றது. பாதுகாப்புக்கு வேண்டியது, உயர் அதிகாரமுடைய செய்நிரல் தாழ்ந்த அதிகாரமுடையவரின் கூற்றை நம்பாதிருத்தலே. தம் சொந்தச் செய்நிரலைத் தாம் விரும்பிய அடைவில் வைத்து இயக்கும் மாணவரின் உரிமையைப் பறித்தால் அப்பாதுகாப்பு எவ்வகையிலும் கூடுவதில்லை. கருப்பகுதி தரும் நம்பத்தக்க சாட்சியமும், அயலடைவைச் சுட்டும் குறிச்சொல்லும், அடைவையே செய்நிரலாகக் கொள்ளும் கட்டமைப்பும் இவ்விரண்டையும் ஒருங்கே பேண இயலும் என்பதற்கு நடைமுறைச் சான்றுகளாக உள்ளன. அவ்வாறு பேணப்படாத இடங்களில், அதற்கான காரணத்தைத் தொழினுட்பத்தில் மாத்திரம் தேடாது, பொறியின் மீதான உடைமை உறவுகளிலும் தேடுதல் ஆய்வாளரின் கடனாகும்.